அடக்குமுறை இளைஞனை எங்கே தள்ளுகிறது? எகிப்தின் கதை வழியே ஓர் எளிய விளக்கம்

2013 ஆகஸ்ட் 18. கெய்ரோவுக்கு வடகிழக்கே அபூ ஸபல் சிறைச்சாலை. அதன் முற்றத்தில் ஒரு போலீஸ் வேன் நிற்கிறது. 24 பேர் கொள்ளும் வண்டிக்குள் 45 கைதிகள். ஆகஸ்ட் வெயிலில் தகரம் அடுப்பாகக் காய்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கதவு திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் தட்டித் தட்டித் தண்ணீர் கேட்கிறார்கள். கடைசியில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று உள்ளே வந்து விழுகிறது. 37 பேர் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். அந்த வண்டியில் இருந்த எல்லோரும் அரசு ஒடுக்கிவந்த முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்காரர்கள்கூட இல்லை. தெருவில் போகும்போது பிடிபட்டவர்களும் இருந்தார்கள். வழக்கு நடந்தது. ஓர் அதிகாரிக்கு முதலில் 10 ஆண்டுச் சிறை, மறுவிசாரணையில் அது 5 ஆண்டு ஆனது.

செத்தவர்களில் ஒருவனுக்கு இருபது வயதில் ஒரு தம்பி இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாம் நாள் துக்கம் முடிந்ததும் பழைய நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்து, “இன்னும் நீ அமைதியாகவே இருக்கப் போகிறாயா?” என்று கேட்கிறான். அந்தத் தம்பி என்ன பதில் சொல்வான்? அதைவிட முக்கியமாக, அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச யார் இருப்பார்கள்? இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இரண்டாவது கேள்விதான் பெரிது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அதைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். முஸ்லிம் என்பது ஒரு மதத்தைப் பின்பற்றுபவர். இஸ்லாமியவாதி என்றால், அரசும் சட்டமும் இஸ்லாமிய நெறிப்படி நடக்க வேண்டும் என்று அரசியல் செய்பவர். தேர்தலில் நிற்பவர், பள்ளிக்கூடம் நடத்துபவர், மருத்துவமனை கட்டுபவர் எல்லாம் இதில் அடக்கம். ஆயுதம் ஏந்திய ஜிஹாதி குழுக்கள் இவர்களில் ஒரு சிறு பகுதி, பல நேரங்களில் இவர்களுக்கே எதிரி. நம் செய்தித்தாள்களில் இந்த மூன்றும் ஒரே சொல்லாகக் குழைந்துவிடுகின்றன. அந்தக் குழப்பத்தோடு தொடங்கினால் மேலே எதுவும் புரியாது.

அடக்குமுறை என்று நான் சொல்வது கைது, சித்திரவதை, கட்சித் தடை, சொத்து முடக்கம், துப்பாக்கிச் சூடு ஆகியவற்றை. தீவிரமயமாதலில் இரண்டு படி உண்டு. ஒன்று எண்ணம் மாறுவது, அதாவது எதிரில் இருப்பவனோடு இனிப் பேச ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது. மற்றொன்று கை மாறுவது, அதாவது வன்முறையில் இறங்குவது. முதல் படியில் ஏறியவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவதுக்குப் போவதே இல்லை. இதை மறந்துவிட்டுப் பேசுபவர்கள்தான் மனம் கசந்த ஒவ்வொரு இளைஞனையும் வெடிகுண்டாகப் பார்க்கிறார்கள்.

இது பற்றிப் பொதுவாகப் புழங்கும் கருத்து இரண்டு. அடித்தால்தான் அடங்குவான் என்பது ஒன்று, அடித்தால் தீவிரவாதி ஆகிவிடுவான் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எகிப்திலேயே சான்று இருக்கிறது, அதனால்தான் எகிப்தை எடுத்துக்கொள்கிறேன்.

இக்வானுல் முஸ்லிமீன், சுருக்கமாக இக்வான், அதாவது முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பை 1928இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் தொடங்கியவர் ஹசன் அல் பன்னா என்ற பள்ளி ஆசிரியர். தமிழில் இஸ்லாமிய நூல்கள் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. இருபது ஆண்டுகளில் அது எகிப்தின் மிகப் பெரிய மக்கள் அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. அதற்குள் ஒரு ரகசிய ஆயுதப் பிரிவும் இருந்தது. 1948 டிசம்பரில் பிரதமர் நுக்ராஷி அமைப்பைத் தடை செய்தார். அந்த மாதக் கடைசியிலேயே அமைப்பைச் சேர்ந்த ஒரு மாணவன் அவரைச் சுட்டுக் கொன்றான். 1949 பிப்ரவரியில் பன்னா சுட்டுக் கொல்லப்பட்டார். தடை, பழிவாங்கல், மறுபழி என்ற இந்தச் சங்கிலி அப்போதே தொடங்கிவிட்டது.

இந்த அமைப்பின் உயிர்நாடி ‘உஸ்ரா’. அரபியில் குடும்பம் என்று பொருள். ஐந்து முதல் பத்துப் பேர் வரை ஒரு குழு, அதற்குப் பொறுப்பாக ஒரு மூத்தவர். வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். குர்ஆன் ஓதுவார்கள், ஒரு புத்தகம் படிப்பார்கள், சாப்பிடுவார்கள். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசுவார்கள். புதிதாக வரும் இளைஞன் முழு உறுப்பினர் ஆகப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மூத்தவர்தான் அவனுக்கு அண்ணன், வாத்தியார் எல்லாம். கேட்டு நட, கீழ்ப்படி என்ற ஒழுங்கு மிகக் கடுமையானது. வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு அது மூச்சு முட்டுகிற ஒழுங்காகவே படுகிறது. ஆனால் அதே ஒழுங்குதான் கோபத்தில் கொதிக்கும் பையனிடம் ‘பொறு’ என்று சொல்லி அவனைக் கேட்கவும் வைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1954 அக்டோபரில் அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் பேசிக்கொண்டிருந்த எகிப்தின் ஆட்சியாளர் நாசரை நோக்கி அமைப்பைச் சேர்ந்த ஒருவர் சுட்டார். நாசர் தப்பினார். ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். 1957 ஜூன் 1 அன்று தூரா சிறையில், கல்லுடைக்கும் வேலைக்குப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து அறைக்குள்ளேயே இருந்துவிட்ட இக்வான் கைதிகள் மீது காவலர்கள் சுட்டதில் 21 பேர் இறந்தார்கள். அந்தச் சிறையின் மருத்துவப் பகுதியில் நோயாளியாகப் படுத்திருந்தவர் செய்யித் குதுப். அவர் இலக்கிய விமர்சகராக எழுத வந்தவர். 1964இல் வெளிவந்த அவருடைய ‘மைல்கற்கள்’ என்ற நூல், இறைவனின் சட்டத்தை விட்டுவிட்ட சமூகம் முழுவதும் இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்தில் இருக்கிறது என்று சொன்னது. 1966 ஆகஸ்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடை அந்தப் புத்தகத்துக்கு எந்தப் பதிப்பாளராலும் தர முடியாத வாசகர்களைத் தேடித் தந்தது.

சிறைக்குள் கைதிகளிடையே ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. தொழுததற்காக என்னைச் சவுக்கால் அடிப்பவன் முஸ்லிமா? இல்லை என்று ஒருவன் பதில் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். அவனை ஏவிய அதிகாரி? அதிகாரிக்குச் சம்பளம் கொடுக்கும் ஆட்சியாளர்? இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் மக்கள்? இப்படி ஒருவரை மதத்துக்கு வெளியே தள்ளித் தீர்ப்புச் சொல்வதற்குத் ‘தக்ஃபீர்’ என்று பெயர். வலியில் பிறந்த கேள்வி அது. படிப்படியாக ஏறி, கடைசியில் ஊர் உலகத்தையே எதிரியாக்கி விடுகிறது.

ஒரே மாதிரியான அந்தச் சிறைகளிலிருந்து இரண்டு பேர் இரண்டு பக்கம் போனார்கள். ஹசன் அல் ஹுதைபி அப்போது அமைப்பின் தலைவர். இயக்கத்துக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டவர். ‘அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்’ என்ற நூல் அவர் பெயரில் சிறையில்தான் எழுதப்பட்டது. ஒரு முஸ்லிமை முஸ்லிம் இல்லை என்று தீர்ப்பளிக்க நமக்கு அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம். வாழ்நாளெல்லாம் தீர்ப்பு எழுதிய மனிதர் இந்தத் தீர்ப்பை மட்டும் எழுத மாட்டேன் என்றார்.

மற்றவர் ஷுக்ரி முஸ்தஃபா. அஸ்யூத் பல்கலைக்கழகத்தில் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக 1965இல் பிடிபட்ட மாணவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். ஆறு ஆண்டுகள் கழித்து 1971இல் வெளியே வந்தபோது அவருக்குச் சமூகம் முழுவதும் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர்; மூத்தவர்கள் கோழைகள். அவர் தொடங்கிய குழுவைப் பத்திரிகைகள் ‘தக்ஃபீர் வல் ஹிஜ்ரா’ என்று அழைத்தன. 1977இல் அந்தக் குழு முன்னாள் அமைச்சரும் மார்க்க அறிஞருமான ஷேக் தஹபியைக் கடத்திக் கொன்றது. அடுத்த ஆண்டு ஷுக்ரி தூக்கிலிடப்பட்டார்.

அடி இருவர் பக்கமும் விழுந்தது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வயதும் குணமும் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் சிறைக்குள் போகும் முன்பே ஒருவருக்கு ஒரு வாழ்க்கையும் ஒரு படிப்பும் இருந்தன. பின்னாளில் பழைய பொறுப்புகளுக்குத் திரும்பிய மூத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஷுக்ரி போன்ற பையன்களுக்குச் சிறைதான் முதல் பள்ளிக்கூடம்.

இனி 2013. 2011இல் மக்கள் எழுச்சியில் அதிபர் முபாரக் வீழ்ந்த பிறகு நடந்த தேர்தலில் இக்வானின் கட்சி நாடாளுமன்றத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடங்களைப் பிடித்தது. 2012 ஜூனில் முஹம்மது முர்ஸி ஏறக்குறைய 52 சதவீத வாக்குகளோடு அதிபரானார். ஓராண்டுதான். மற்ற கட்சிகளை அரவணைக்காமல், அவசர அவசரமாக அரசியல் சட்டத்தை நிறைவேற்றி, அவர்கள் பலரையும் பகைத்துக்கொண்டார்கள். பெரும் மக்கள் போராட்டம் வெடித்தது. ஜூலை 3 அன்று ராணுவம் முர்ஸியை இறக்கியது. ஆதரவாளர்கள் கெய்ரோவின் ராபிஆ அல் அதவிய்யா பள்ளிவாசல் சதுக்கத்தில் ஆறு வாரம் அமர்ந்தார்கள். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ‘ராபியத்துல் பஸரிய்யா’ என்று கதை சொல்வார்களே, அந்த ஞானிப் பெண்ணின் பெயர்தான் அது. ஆகஸ்ட் 14 காலையில் போலீசும் ராணுவமும் உள்ளே புகுந்தன. குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டார்கள் என்றது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு. அரசு சார்ந்த மனித உரிமைக் குழு 632 என்றது, அதில் 8 பேர் போலீசார். செத்தவர்களில் இயக்கத் தலைவர் ஒருவரின் 17 வயது மகளும் உண்டு. ராபிஆ என்றால் அரபியில் நான்காவது. நான்கு விரலை உயர்த்திக் காட்டுவது அன்று முதல் ஒரு சின்னமானது.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அதே நாளிலும் அடுத்து வந்த நாட்களிலும் எகிப்து முழுவதும் 40க்கும் மேற்பட்ட கிறிஸ்தவ தேவாலயங்கள் தாக்கப்பட்டன. கெய்ரோவுக்கு அருகிலுள்ள கெர்தாஸாவில் காவல் நிலையத்தைத் தாக்கிப் பத்துக்கும் மேற்பட்ட காவலர்களைக் கொன்றார்கள். ராபிஆவில் சுட்டது எகிப்தின் பூர்வ கிறிஸ்தவர்களான காப்டிக் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் கோபம் அடித்தவனை எட்ட முடியாதபோது பக்கத்து வீட்டுப் பலவீனமானவன் மேல் விழுகிறது. அடக்குமுறையை விளக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு இந்தச் சாம்பலைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ராபிஆ மேடையில் ஜூலையில் இக்வான் தலைவர் முஹம்மது பதீ சொன்ன ஒரு வாசகம் பிரபலம்: “நம் அமைதி வழி தோட்டாக்களைவிட வலிமையானது.” ஆகஸ்டுக்குப் பிறகு இளைஞர்கள் அதில் ஒரு சிறு அரபி இடைச்சொல்லை மட்டும் மாற்றி, “நம் அமைதி வழி தோட்டாக்களோடு வலிமையானது” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னொரு வாசகமும் பரவியது: தோட்டாவுக்குக் கீழ் உள்ளதெல்லாம் அமைதி வழியே. போலீஸ் வண்டியைக் கொளுத்தலாம், மின்கோபுரத்தைச் சாய்க்கலாம், ஆளைக் கொல்லாதவரை அது அமைதி வழிதான் என்று கணக்குப் போட்டார்கள். தீவிரமயமாதல் என்பது ஒரே இரவில் நடக்கும் மாயம் என்று நினைப்பவர்கள் இந்த வாசகத்தைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கோட்டை யாரும் தாண்டவில்லை, கோட்டையே மெல்ல மெல்ல நகர்த்தி வைத்தார்கள்.

அப்போது ‘பொறு’ என்று சொல்லும் மூத்தவர் எங்கே? பதீ சிறையில். அவருடைய மகனே அந்த ஆகஸ்டில் சுடப்பட்டு இறந்தார். உயர்மட்டக் குழுவில் பெரும்பாலானோர் சிறையில், மீதிப்பேர் துருக்கியிலும் கத்தாரிலும் லண்டனிலும், அல்லது தலைமறைவில். உஸ்ராவை நடத்திய உள்ளூர் வாத்தியார், மருத்துவர், இன்ஜினியர் எல்லோரும் கைதானவர்கள் அல்லது வாய்மூடியவர்கள். 2013 நவம்பரில் வந்த சட்டப்படி பத்துப் பேருக்கு மேல் பொது இடத்தில் கூடவே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். டிசம்பரில் அமைப்பு பயங்கரவாத இயக்கம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. மின்யாவில் ஒரு நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஒரே மூச்சில் 529 பேருக்கு மரண தண்டனை அறிவித்தது. பிறகு அதில் பெரும்பாலானவை குறைக்கப்பட்டன என்பது வேறு. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட இருபது வயதுக்காரனுக்கு நீதிமன்றம் என்ற சொல்லுக்கு இனி என்ன அர்த்தம்?

அடக்குமுறை கோபத்தை உண்டாக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. கோபத்தைப் பிடித்து நிறுத்தும் ஆட்களையும் இடங்களையும் அதே அடக்குமுறை முதலில் அப்புறப்படுத்திவிடுகிறது. தேர்தல் என்ற கதவு மூடுகிறது, வாரக் கூட்டம் நிற்கிறது, பெரியவர் உள்ளே போகிறார். வெளியே மிஞ்சுவது கோபமும் ஒரு கைப்பேசியும், அதே கோபத்திலிருக்கும் நாலு நண்பர்களும்தான்.

இயக்கத்துக்குள் பிளவு அங்கேதான் விழுந்தது. மஹ்மூத் இஸ்ஸத்தைச் சுற்றிய பழைய தலைமை, அமைப்பைக் காப்பாற்றினால் போதும், பொறுத்திருப்போம் என்றது. முஹம்மது கமால் என்ற உயர்மட்டக் குழு உறுப்பினர் பக்கம் இளைஞர்கள் சாய்ந்தார்கள். அவர் தரப்பு ‘சிறப்பு நடவடிக்கை’க் குழுக்களை அமைத்தது. 2016 அக்டோபரில் கெய்ரோவில் போலீசார் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு ஹஸ்ம், லிவா அல் தவ்ரா என்ற இரண்டு ஆயுதக் குழுக்கள் வெளிப்பட்டன. இவை இக்வானின் கரங்களே என்று அரசு சொன்னது, இக்வான் தலைமை மறுத்தது. கமால் பக்கத்து இளைஞர்களிலிருந்து ஆட்கள் அங்கே போனார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். லிவா அல் தவ்ரா ஒரு ராணுவ உயரதிகாரியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றது.

சிறைக்குள் நடந்தது வேறு. அரசியல் கைதிகள் 60,000 வரை இருக்கலாம் என்று மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன. அரசு, அப்படி ஒருவரும் இல்லை என்றது. ஊர்வலத்தில் பிடிபட்ட கல்லூரிப் பையனையும் ஐ.எஸ். ஆளையும் ஒரே அறையில் அடைத்தார்கள். சித்திரவதையிலிருந்து திரும்பி வந்து சுவரில் சாய்ந்திருக்கும் பையனிடம் அந்த ஆள் கேட்பதும் பழைய கேள்விதான்: உன்னை அடித்தவன் முஸ்லிமா? உன் பெரியவர்கள் ஓட்டுப்பெட்டியை நம்பினார்களே, என்ன கிடைத்தது? 1960களில் கேட்ட அதே கேள்வி, ஐம்பது ஆண்டு கழித்து.

சரி, எல்லோரும் அப்படிப் போனார்களா? இல்லவே இல்லை. இலட்சக்கணக்கானோர் இருந்த ஓர் இயக்கத்திலிருந்து ஆயுதம் எடுத்தவர்கள் சிறு தொகை. பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், பலர் அரசியலே வேண்டாம் என்று வேலை பார்க்கப் போனார்கள். மதத்தின் மீதே நம்பிக்கை இழந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. இன்னொன்று, எல்லா வன்முறைக்கும் ராபிஆதான் வேர் என்பதும் தவறு. சினாயில் அன்ஸார் பைத்துல் மக்திஸ் என்ற குழு 2013க்கு முன்பே இயங்கியது. துனீசியாவில் 2011க்குப் பிறகு சுதந்திரம் வந்தது, அந்நஹ்தா என்ற இஸ்லாமியவாதக் கட்சி ஆட்சியிலும் பங்கு பெற்றது. இருந்தும் ஆயிரக்கணக்கான துனீசிய இளைஞர்கள் சிரியாவுக்குப் போனார்கள். வேலையின்மை, அவமானம், அருகில் நடக்கும் போர், ஆள் பிடிக்கும் வலைகள் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

தேர்தல் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அல்ஜீரியா கொடிய உதாரணம். 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற இஸ்லாமியவாதக் கட்சி 188 இடங்களை வென்றது. ராணுவம் இரண்டாம் சுற்றை ரத்து செய்தது, ஆயிரக்கணக்கானோரைச் சஹாரா முகாம்களுக்கு அனுப்பியது. அடுத்த பத்தாண்டுப் போரில் செத்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல்.

அடித்தால் அடங்குவான் என்பவர்கள் காட்டும் உதாரணம் எகிப்தின் அல் ஜமாஆ அல் இஸ்லாமிய்யா. 1990களில் அரசோடு ஆயுதப் போர் நடத்திய குழு அது. 1997 ஜூலையில் சிறையிலிருந்த தலைவர்கள் ஆயுதத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். நான்கு மாதத்தில் லக்ஸரில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 58 பேரும் எகிப்தியர் நால்வரும் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் தலைவர்கள் பின்வாங்கவில்லை. அரசு கடுமையாக நசுக்கியது உண்மை. அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் ஏன் ஐந்து ஆண்டு பேச்சு நடந்தது? 2000களின் தொடக்கத்தில் அந்தத் தலைவர்களைச் சிறை சிறையாக அழைத்துப் போய்த் தங்கள் இளைஞர்களோடு நேருக்கு நேர் உட்காரவைத்தார்கள். அவர்கள் வாதாடினார்கள், ஏச்சு வாங்கினார்கள், மறுபடியும் வாதாடினார்கள். தங்கள் பழைய மார்க்க வாதங்கள் எங்கே பிழைத்தன என்று புத்தகங்களாகவே எழுதினார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் படிப்படியாக விடுதலையானார்கள். பெரியவரும் பையனும் பேசிக்கொள்ள ஓர் அறை கிடைத்தது என்பதுதான் எனக்கு அதில் தெரிகிறது.

2019 ஆகஸ்டில் எகிப்துச் சிறைகளிலிருந்து இக்வான் இளைஞர்களின் பெயரில் கடிதங்கள் வெளியே வந்தன. வெளிநாட்டிலிருக்கும் தலைவர்கள் ஓர் அடி பின்வைத்தாவது எங்கள் விடுதலைக்கு வழி தேடுங்கள் என்று அவற்றில் கேட்டிருந்தார்கள். இயக்கத்தில் சேரச் சொல்லி யாரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை என்ற தொனியில் லண்டனிலிருந்து பதில் வந்தது. அரசு எதுவும் சொல்லவில்லை. விடுதலைத் தேதி வந்தவர்கள் மேல் புது வழக்குப் போட்டு மறுபடியும் உள்ளே வைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அதற்குக் கைதிகள் வைத்திருக்கும் பெயர் ‘தத்வீர்’, சுழற்சி. 2013இல் 19 வயதில் உள்ளே போன ஒருவனுக்கு, அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட ஆகஸ்டில் வயது 25.